சூடானதும் ரிச்சாக ஓடும் வண்டி: சென்சார் வாங்கும் முன் ட்ரிம் எண்ணைப் பாருங்கள்

4 மே 2025, வாசகர் ஒருவரின் கேள்வி

"காலையில ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் வண்டி பட்டு மாதிரி ஓடுது. இன்ஜின் சூடானதும் ஐடிலிங் தடுமாறுது, சைலன்சர்ல பெட்ரோல் நாத்தம், மைலேஜ் 16-லிருந்து 11-க்கு இறங்கிருச்சு. சூடானா மட்டும் ரிச்னா, அதாவது பெட்ரோல் அதிகம்னா, ஆக்சிஜன் சென்சார்தானே? ஆர்டர் போட்டுடலாமா?"

4 மே 2025, இரவு

போடாதீங்க சார். ரெண்டு நாள் பொறுங்க.

இதே நோய் என் வண்டியிலும் இப்போது இருக்கிறது. 2011 மாடல், 1200 சிசி, பிஎஸ் 4 புகை விதிப்படி வந்தது. மார்ச்சில் ஆக்சிஜன் சென்சாரை மாற்றினேன், 3,800 ரூபாய். பழையதைக் கழற்றியபோது அதன் மூக்கு அடுப்புக்கரி மாதிரி கறுத்திருந்தது. "பாத்தீங்களா, இதான்" என்றார் மெக்கானிக் அண்ணன். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. மூன்றாம் வாரம் மறுபடி கழற்றினால் புதுசின் மூக்கிலும் அதே கரி. புகைக்குள் நின்றதால் அது கறுத்ததே தவிர, புகைக்கு அது காரணம் இல்லை.

உங்கள் சந்தேகத்துக்கு நியாயம் இருக்கிறது. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது இசியூ (பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் கம்ப்யூட்டர்), புகையில் மிஞ்சிய ஆக்சிஜனை அளக்கும் அந்த சென்சாரைக் கேட்பதே இல்லை. தன்னிடம் உள்ள கணக்கை வைத்து ஊற்றும். சென்சார் 300 டிகிரியைத் தாண்டிச் சூடான பிறகுதான் அதன் பேச்சுக்குக் காது கொடுக்கும். அதனால் "சூடானதும் கெடுகிறது" என்றவுடன் எல்லாருடைய விரலும் அந்த சென்சாரை நோக்கியே நீளுகிறது. ஆனால் சூட்டோடு சேர்ந்து மாறுகிற விஷயங்கள் வண்டியில் இன்னும் எத்தனையோ உண்டு.

500 ரூபாய்க்கு ஒரு ப்ளூடூத் ஓபிடி ஸ்கேனர் (இசியூவின் எண்களைப் போன் ஆப்பில் காட்டும் கருவி) வாங்குங்கள். அதில் ஃப்யூயல் ட்ரிம் என்று இரண்டு எண் வரும். ஷார்ட் டெர்ம் நொடிக்கு நொடி ஆடும், லாங் டெர்ம் நிதானமாக நகரும். இசியூ தன் கணக்குக்கு மேல் எவ்வளவு சேர்க்கிறது, எவ்வளவு வெட்டுகிறது என்பதைச் சதவீதத்தில் சொல்வதுதான் அந்த எண்.

கறுப்புப் புகை வரும்போது ட்ரிம் ப்ளஸ்ஸில் இருந்தால், இசியூவே ஊற்றச் சொல்லிக்கொண்டிருக்கிறது. யாரோ அதனிடம் "பெட்ரோல் பத்தலை" என்று பொய் சொல்கிறார்கள். ஆக்சிஜன் சென்சார் செத்திருக்கலாம், சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் விரிசல் விட்டு வெளிக்காற்று உள்ளே வரலாம், ஒரு சிலிண்டர் மிஸ் ஆகி எரியாத ஆக்சிஜன் வெளியே போகலாம்.

மைனஸில் இருந்தால் ஆக்சிஜன் சென்சார் உண்மையைத்தான் சொல்கிறது. இசியூ வெட்டிக்கொண்டே இருக்கிறது, வெட்டியும் போதவில்லை. அதன் கணக்கில் வராத பெட்ரோல் எங்கிருந்தோ வருகிறது.

(பின்குறிப்பு, 29 ஜூன்: இந்தக் கடைசி வாக்கியம் பாதிதான் சரி. கீழே திருத்தியிருக்கிறேன்.)

5 மே 2025

என் வண்டி எண்கள், அரை மணி நேரம் ஓட்டிய பிறகு எடுத்தவை. ஐடிலில் (வண்டி நின்றபடி இன்ஜின் மட்டும் ஓடும்போது) லாங் டெர்ம் மைனஸ் 20, அதற்கு மேல் ஷார்ட் டெர்ம் மைனஸ் 8. ஆக்சிஜன் சென்சார் ரிச் என்று சொல்லி 0.85 வோல்ட்டில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. சரியாக ஓடும் இன்ஜினில் அது 0.1-க்கும் 0.9-க்கும் இடையில் தறி நாடா மாதிரி போய்வர வேண்டும். 2500 ஆர்பிஎம்மில் வைத்தால் மைனஸ் 11.

பொல்யூஷன் டெஸ்டில் கார்பன் மோனாக்சைடு 1.9 சதவீதம். பிஎஸ் 4 பெட்ரோல் வண்டிக்கு ஐடிலில் வரம்பு 0.3. சான்று தரவில்லை. அந்தப் பையன் வருத்தத்தோடுதான் சொன்னான், அவன்மேல் குறை இல்லை.

11 மே 2025

"எல்லாம் எத்தனால் பண்ற வேலை" என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) மேல் எனக்கும் கோபம் உண்டு. பழைய வண்டியின் ரப்பர் ஹோஸை அது என்ன செய்யும் என்ற கவலையும் உண்டு. ஆனால் இந்தக் குற்றத்தை அதன் தலையில் கட்ட முடியாது.

சுத்த பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும், ஏனென்றால் அதன் மூலக்கூறிலேயே ஆக்சிஜன் இருக்கிறது. 20 சதவீதம் கலந்தால் தேவை ஏறக்குறைய 13.5-க்கு இறங்கும். பழைய கணக்கிலேயே ஊற்றும் வண்டிக்கு அது பற்றாக்குறை, அதாவது ரிச்சுக்கு நேர் எதிரான லீன். இசியூ கொஞ்சம் கூட்டி ஊற்றும், ட்ரிம் ப்ளஸ் பக்கம் போகும். எத்தனால் குடித்துவிட்டு மைனஸ் 20-க்குப் போகாது. மைலேஜ் குறைவுக்கு அது ஒரு காரணமாக இருக்கலாம். கறுப்புப் புகைக்கு இல்லை.

18 மே 2025

நான்கு ஸ்பார்க் ப்ளக்கையும் கழற்றித் திண்ணையில் பேப்பர் விரித்து வரிசையாக வைத்தேன். நான்கும் ஒரே கறுப்பு. நகத்தால் சுரண்டினால் உலர்ந்த கரி உதிர்கிறது, எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. இது நல்ல சாட்சி. ஒரே ஒரு இன்ஜெக்டர் ஒழுகினால் ஒரு ப்ளக் மட்டும் கறுக்கும், மற்ற மூன்றும் காபித்தூள் நிறத்தில் இருக்கும். நான்கும் ஒன்றுபோல் கறுத்தால் நான்குக்கும் பொதுவான இடத்தில் கோளாறு.

கேனிஸ்டர் பர்ஜ் வால்வையும் பார்த்துவிட்டேன். டேங்கில் எழும் பெட்ரோல் ஆவியை ஒரு கரி டப்பா பிடித்து வைக்கும், இன்ஜின் சூடானதும் அந்த ஆவியை இன்டேக் மேனிஃபோல்டுக்குள் (இன்ஜினுக்குக் காற்று போகும் குழாய்) இழுக்கும். வால்வு திறந்தே மாட்டிக்கொண்டால் சூட்டில் ரிச். சந்தேகப்பட வேண்டிய ஆள்தான். ஹோஸைத் துணி சுற்றிக் குறடால் நசுக்கிப் பிடித்தபடி ட்ரிம்மைப் பார்த்தேன். அசையவில்லை. அவர் நிரபராதி.

ப்ரஷர் ரெகுலேட்டர் டயாஃப்ரம் கிழிந்திருக்குமா என்று கேட்டவருக்கு: ரிட்டர்ன் லைன் உள்ள பழைய வண்டியில் ரெகுலேட்டர் இன்ஜின் மேலேயே இருக்கும். அதன் வேக்குவம் ஹோஸைப் பிடுங்கி முகர்ந்தால் போதும், பெட்ரோல் நனைந்திருந்தால் டயாஃப்ரம் போச்சு. என் வண்டியில் ரெகுலேட்டர் டேங்குக்குள் பம்ப்போடு இருக்கிறது, அந்த ஹோஸே கிடையாது.

1 ஜூன் 2025

ஆப்பில் இதுவரை நான் கவனிக்காத ஒரு எண். கூலண்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் நீர்) 61 டிகிரி.

வெளியே 39 டிகிரி வெயில். குரோம்பேட்டையிலிருந்து செங்கல்பட்டு வரை போய்த் திரும்பியிருக்கிறேன். 61 எப்படி? தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடாகும் வரை கூலண்டை ரேடியேட்டருக்கு விடாத வால்வு) திறந்தே மாட்டிக்கொண்டது, இன்ஜின் சூடாகவே இல்லை, அதனால் இசியூ இன்னும் காலை நேரக் கணக்கில் ஊற்றுகிறது என்று முடிவு கட்டினேன். கதை அழகாகப் பொருந்தியது. ஜி.பி. ரோட்டில் தெர்மோஸ்டாட் 650 ரூபாய். ஒரு ஞாயிறு முழுக்க உழைத்து மாட்டினேன்.

61.

2 ஜூன் 2025

ராத்திரி படுத்தபோதுதான் உறைத்தது. தெர்மோஸ்டாட்டைக் கழற்றும் முன் மேல் ரேடியேட்டர் ஹோஸைத் தொட்டுப் பார்த்தேன். ஒரு நொடிகூடக் கை வைக்க முடியவில்லை. குளிக்கும் வெந்நீர் 45. 61 டிகிரி ரப்பரை ஒரு கணமாவது பிடித்துக்கொண்டிருக்க முடியும். என் கை அப்போதே விடை சொல்லியிருக்கிறது, நான் திரையை நம்பினேன்.

பக்கத்து வீட்டு ஏசி டெக்னீஷியன் தம்பியிடம் துப்பாக்கி தெர்மாமீட்டர் வாங்கிப் பிடித்தேன். தெர்மோஸ்டாட் ஹவுஸிங்மேல் 88. (கொரோனா காலத்தில் வாங்கிய நெற்றித் தெர்மாமீட்டர் இதற்கு உதவாது, 40 சொச்சத்துக்கு மேல் காட்டாது. பளபளக்கும் அலுமினியத்தில் நேரே பிடித்தால் குறைவாகக் காட்டும். கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி அதன்மேல் பிடியுங்கள்.)

88-ல் இருக்கும் இன்ஜினை 61 என்று நம்பும் இசியூ. ஐடில் ஏன் 1000-த்தில் நிற்கிறது என்பதும் இப்போது புரிகிறது, சூடான என் இன்ஜின் 780-ல் நிற்க வேண்டும். எரர் கோட் ஏன் விழவில்லை? சென்சார் ஒயர் அறுந்தாலோ ஷார்ட் ஆனாலோதான் என் இசியூ எரர் கோட் போடும். 61 நம்பக்கூடிய எண். எந்த விளக்கும் எரியாது.

8 ஜூன் 2025

புதுக் கூலண்ட் சென்சார், 480 ரூபாய். மாட்டினேன். 62.

இந்த முறை சும்மா இருக்க முடியவில்லை. பழைய சென்சாரையும் புதியதையும் நூலில் கட்டிச் சமையலறையில் கொதிக்கும் தண்ணீரில் தொங்கவிட்டு மல்டிமீட்டரால் அளந்தேன். ("பால் பாத்திரத்தைத் தொட்டீங்க..." என்று பின்னாலிருந்து குரல் வந்ததால் பழைய அலுமினியச் சட்டி.) இரண்டும் 180 ஓம் பக்கம். பழைய சென்சார் தங்கமாக இருக்கிறது. அதை அநியாயமாகக் கழற்றியிருக்கிறேன்.

15 ஜூன் 2025

ரிச்சி ஸ்ட்ரீட்டில் 270 ஓம் ரெசிஸ்டர் பத்து, 10 ரூபாய். இதுவரை செலவழித்ததில் உருப்படியான பத்து ரூபாய் இதுதான்.

இந்த சென்சார் சூடாகச் சூடாக ரெசிஸ்டன்ஸ் குறையும் ரகம். 20 டிகிரியில் சுமார் 2450 ஓம், 60-ல் 580, 80-ல் 320. 270 என்றால் 85 டிகிரியைத் தாண்டிக் காட்ட வேண்டும். சென்சாரைப் பிடுங்கிவிட்டு கனெக்டரின் இரண்டு பின்னிலும் ரெசிஸ்டரின் கால்களைச் செருகி இக்னிஷன் போட்டேன். ஆப்பில் 59.

59 என்றால் இசியூ 600 ஓம் பார்க்கிறது. நான் கொடுத்தது 270. மீதி 330 ஓம் வழியில் எங்கோ உட்கார்ந்திருக்கிறது.

கனெக்டரை உருவி, பின்பக்க ரப்பரை விலக்கினேன். கிரவுண்ட் ஒயரின் இன்சுலேஷன் பார்க்க நன்றாகத்தான் இருந்தது, தொட்டால் உள்ளே சோளப்பொரி மாதிரி நொறுநொறு. பிளேடால் கீறினேன். செம்புக் கம்பி இருந்த இடத்தில் பச்சைப் பொடி, பழைய பித்தளைக் குத்துவிளக்கின் அடியில் பூக்குமே அந்தப் பச்சை. முழுசாக இரண்டு இழைகூட இல்லை. மேலே ஒரு கூலண்ட் ஹோஸ் கிளாம்ப் எப்போதோ கசிந்த வெள்ளைத் தடம். சொட்டுச் சொட்டாக அங்கேதான் விழுந்திருக்கிறது.

புதுப்பேட்டையில் அதே மாதிரி கனெக்டர் ஒயரோடு 150 ரூபாய். சால்டர் செய்து ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டேன். கசிந்த கிளாம்பையும் மாற்றினேன்.

ஆப்பில் 88. ஐடில் 780.

17 ஜூன் 2025

"ஒயர் கெட்டிருந்தா குளிரிலும் ரிச்சா ஓடணுமே, சூட்டில் மட்டும் ஏன்?" என்று கேட்டவரே, இந்தத் தொடரின் சிறந்த கேள்வி உங்களுடையது. நான் இரண்டு நாள் காகிதத்தில் கணக்குப் போட்டேன்.

330 ஓம் எப்போதும் அங்கேதான் இருந்தது. காலையில் சென்னையின் 30 டிகிரியில் சென்சார் 1700 ஓம். 330 சேர்ந்தால் 2030. இசியூ 25 டிகிரி என்று நினைக்கும். ஐந்து டிகிரி வித்தியாசம், யாருக்கும் தெரியாது. சூடானதும் சென்சார் 250-க்கு இறங்குகிறது. அதே 330 இப்போது சென்சாரைவிடப் பெரிசு. மொத்தம் 580, இசியூவுக்கு 60 டிகிரி. ஆயிரம் ரூபாயில் பத்து ரூபாய் தொலைந்தால் தெரியாது, பதினைந்து ரூபாயில் தொலைந்தால் தெரியும். அவ்வளவுதான்.

இதனால் காலையில் ஸ்டார்ட் ஆகும்போது எவ்வளவு சோதித்தாலும் சிக்காது. ரெசிஸ்டர் இல்லாதவர்கள் வேறு வழியில் பிடிக்கலாம். இன்ஜின் சூடாக ஓடும்போது சென்சாரின் கிரவுண்ட் ஒயருக்கும் பேட்டரி மைனஸுக்கும் இடையே வோல்ட் பாருங்கள். 0.05-க்குள் இருக்க வேண்டும். வெட்டுவதற்கு முன் நான் பார்த்தபோது அரை வோல்ட்.

22 ஜூன் 2025

கொண்டாட்டம் ஒரு வாரம்தான். 2500 ஆர்பிஎம்மில் ட்ரிம் மைனஸ் 2, அருமை. ஐடிலில் மைனஸ் 13. நாற்றம் குறைந்திருக்கிறது, போகவில்லை. பேட்டரியைக் கழற்றி ட்ரிம்மை பூஜ்யமாக்கியும் இரண்டு நாளில் திரும்ப அதே 13.

24 ஜூன் 2025 (வண்டி இருக்கட்டும், இது வேறு)

கார்புரேட்டர் வண்டி வைத்திருப்பவர், சூடாக நிறுத்திப் பத்து நிமிஷம் கழித்து ஸ்டார்ட் ஆகவில்லை என்கிறார். அப்பாவிடம் அப்படி ஒரு வண்டி இருந்தது. திண்டிவனம் தாண்டி நின்றால் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து, தோள் துண்டை நனைத்து பெட்ரோல் பம்ப்மேல் போர்த்துவார். அது வேலை செய்யும் நாளும் உண்டு, செய்யாத நாளும் உண்டு. பல வருஷம் கழித்துத்தான் எனக்குக் காரணம் தெரிந்தது. அவை இரண்டு வேறு நோய்கள்.

பம்ப்பில் பெட்ரோல் ஆவியாகி அடைத்தால் இன்ஜினுக்குப் பெட்ரோல் வராது, அதற்கு ஈரத் துணி சரி. ஆனால் மிதவைக் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல் இன்ஜின் சூட்டில் பொங்கி மேனிஃபோல்டுக்குள் வழிந்தால் அது நேர் எதிர், வெள்ளம். அதற்குத் துணி பயன்படாது. ஆக்சிலரேட்டரைத் தரையோடு அழுத்திப் பிடித்து, பம்ப் அடிக்காமல், நிறையக் காற்று விட்டு க்ராங்க் செய்ய வேண்டும். பானட்டைத் திறந்ததும் நெடி மூக்கில் ஏறினால் வெள்ளம், நெடியே இல்லையென்றால் அடைப்பு. அப்பாவிடம் இதைச் சொல்ல முடியாமல் போனது எனக்கு வருத்தம்.

29 ஜூன் 2025

முதலில் திருத்தம். மே 4-ல் "மைனஸ் என்றால் கணக்கில் வராத பெட்ரோல்" என்று எழுதினேன். என் வண்டியில் முதல் கோளாறு அப்படி இல்லை. இசியூவே தப்பான வெப்பத்தை நம்பி ஒரு கையால் கூடுதலாக ஊற்றியது, ஆக்சிஜன் சென்சார் சொல்லி மறு கையால் வெட்டியது. ஆகவே மைனஸ் என்றால் "கணக்குக்கு வெளியே வரும் பெட்ரோல், அல்லது கணக்கே தப்பு". கூலண்ட் சென்சார், மேப் சென்சார் (இன்டேக் மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளப்பது) இரண்டையும் நிஜ நிலவரத்தோடு ஒப்பிட்டுவிட்டுப் பிறகு கசிவைத் தேடுங்கள். இந்த வரிசையில் நான் போயிருந்தால் மூன்று பாகம் மிச்சம்.

இப்போது ஐடிலில் மட்டும் மீந்த 13. இது உண்மையிலேயே கணக்குக்கு வெளியே வருவது. ஐடிலில் இன்ஜின் மூச்சு சின்னது, கொஞ்சம் ஆவி நுழைந்தாலும் பெரிய சதவீதமாகத் தெரியும். 2500-ல் மூச்சு பெரிது, அதே ஆவி கரைந்துவிடும். பர்ஜ் வால்வு காரணம் இல்லை என்று ஏற்கெனவே தெரியும். மிச்சம் ஒழுகும் இன்ஜெக்டர், இல்லையென்றால் ஆயில்.

ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவினேன். மேல் கோட்டுக்கு ஒரு விரல் அகலம் மேலே. ஏழு மாதம் முன் கோட்டுக்குச் சரியாக ஊற்றியது, குறைய வேண்டிய ஆயில் கூடியிருக்கிறது. முகர்ந்தேன், பெட்ரோல் பங்க். தினத்தாளில் ஒரு சொட்டு விட்டேன். நடுவில் கறுப்பு, சுற்றிலும் மெல்லிய ஈர வளையம் காசு அளவுக்குப் பரவியது.

தினமும் வண்டி ஓடுவது வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு மூன்று கிலோமீட்டர், திரும்ப மூன்று. அந்த மாதங்களில் ஊற்றிய கூடுதல் பெட்ரோல் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலில் சேர்ந்திருக்கிறது. கொதித்து வெளியேற ஆயிலுக்கு நேரமே கிடைக்கவில்லை. நீண்ட தூரம் ஓட்டி ஆயில் நன்றாகச் சூடானால் அந்தப் பெட்ரோல் ஆவியாகி பிசிவி ஹோஸ் (ஆயில் பக்கத்து ஆவியை இன்டேக் மேனிஃபோல்டுக்குத் திருப்பும் குழாய்) வழியாக மறுபடி இன்ஜினுக்குள்ளேயே போகிறது. முதல் கோளாறு பெற்ற பிள்ளைதான் இரண்டாவது.

சோதித்தேன். பிசிவி ஹோஸைக் கழற்றி மேனிஃபோல்டு பக்கத்து வாயை விரலால் அடைத்தேன். ட்ரிம் மைனஸ் 13-லிருந்து ஒரு நிமிஷத்தில் மைனஸ் 3.

6 ஜூலை 2025

ஆயிலும் ஃபில்டரும் மாற்றியாச்சு. 3.1 லிட்டர் ஊற்றிய இடத்திலிருந்து 3.4 லிட்டர் இறங்கியது, தண்ணீர்க் கேனில் அளந்தேன். தண்ணீராக ஓடியது. பேரிங் பிழைத்தது பெரிய விஷயம்.

ஐடிலில் ப்ளஸ் 1.

அதற்கு மேல் தள்ளிப்போட்டிருந்தால் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் (புகையைச் சுத்தம் செய்யும் பாகம்) போயிருக்கும். எரியாத பெட்ரோல் அதற்குள் போய் எரிந்தால் உள்ளே இருக்கும் தேன்கூடு போன்ற பகுதி உருகும். ரிச்சாக ஓடும் வண்டியை "அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்று யாரும் விடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

20 ஜூலை 2025

கேள்வி கேட்ட சார் எண்கள் அனுப்பியிருக்கிறார். சூட்டில் ஐடிலில் ப்ளஸ் 19, கறுப்புப் புகை, கூலண்ட் 90. உங்கள் வண்டியில் என் கதை இல்லை. உங்கள் இசியூ பொய்யைக் கேட்டு ஊற்றுகிறது. புது சென்சார் வாங்கும் முன் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் மேனிஃபோல்டு அருகே காது வையுங்கள், "டிக் டிக்" சத்தம் வருகிறதா? சூட்டில் இரும்பு விரிந்து சில விரிசல்கள் மூடிக்கொள்ளும், சில திறக்கும். சத்தத்தோடு நிறுத்தாதீர்கள். கேஸ்கெட் ஓரத்தில் சாம்பல் நிறக் கரிக்கோடு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

2 ஆகஸ்ட் 2025

அவருக்கு கேஸ்கெட்தான். மேனிஃபோல்டு ஸ்டட் ஒன்று முறிந்திருந்தது. ஆக்சிஜன் சென்சார் பழையதே ஓடுகிறது. மனசு நிறைந்தது.

17 ஆகஸ்ட் 2025

பொல்யூஷன் டெஸ்ட் பாஸ். கார்பன் மோனாக்சைடு 0.06. ட்ரிம் ப்ளஸ் 4-ல் நிலைத்திருக்கிறது, அது இ20-யின் பங்கு என்று எடுத்துக்கொள்கிறேன். மைலேஜ் 15.

ஒரு விஷயம் எழுத விட்டுப்போனது. 61 டிகிரி என்று நம்பிய இசியூ ரேடியேட்டர் ஃபேனைப் போட்டே இருக்காது. வண்டி ஏன் கொதிக்கவில்லை? சென்னையில் ஏசி இல்லாமல் நான் ஓட்டியதே இல்லை, ஏசி போட்டால் ஃபேன் தானாக ஓடும். அது ஒன்றுதான் இத்தனை மாதம் இன்ஜினைக் காப்பாற்றியது. நவம்பர் மழையில் ஏசியை அணைத்துவிட்டு நெரிசலில் நின்றிருந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கும்.

நேற்று பரனூர் டோல் வரிசையில் வேண்டுமென்றே ஏசியை அணைத்தேன். மகள் கையில் போனைக் கொடுத்து எண்ணைப் படிக்கச் சொன்னேன். "91... 93... 94..." ஜன்னலை இறக்கி, பக்கத்து லாரியின் சத்தத்துக்கு நடுவே காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். "96 அப்பா" என்றாள். முன்னால் ஃபேன் சுழலும் சத்தம் கேட்டது.